உடல்நலப் பாடத்துக்கு எந்த விளையாட்டு: பரமபதமா, சீட்டா, ஓட்டமா, வினாடி வினாவா, கைப்பேசியா?

டெங்கு பற்றியோ கைகழுவுவது பற்றியோ ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பீரியட் கிடைத்திருக்கிறது. வகுப்பில் 40 பேர், கையில் ஆயிரத்தைந்நூறு ரூபாய். சொற்பொழிவு வேண்டாம், விளையாட்டாகச் செய்யலாம் என்பது வரை எல்லாரும் ஒத்துப்போவார்கள். எந்த விளையாட்டு என்று கேட்டால்தான் தடுமாற்றம். பெரும்பாலும் யாராவது ஒருவர் "பெரிய பாம்புக்கட்டம் ஒன்று ஃப்ளெக்ஸில் அடித்துவிடலாம்" என்பார், பேச்சு அதோடு முடிந்துவிடும். அந்த முடிவுக்கு முன்னால் யோசிக்க வேண்டியவை இவை.

முதலில் அளவுகோல்

முதல் கேள்வி, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஆட்டத்தில் ஜெயிக்க வைக்கும் செயல் எது? பிள்ளை வீட்டில் செய்ய வேண்டும் என்று நாம் நினைக்கும் செயலும் அதுவும் ஒன்றா? தண்ணீரைக் கவிழ்ப்பவர் ஜெயித்தால் பிள்ளை கவிழ்க்கப் பழகும். பகடையில் ஆறு விழுந்தவர் ஜெயித்தால் ஆறு விழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளப் பழகும், அவ்வளவுதான்.

இரண்டாவது, ஒரு பிள்ளைக்கு எத்தனை முறை வாய்ப்பு வருகிறது? இதை எளிதாகக் கணக்குப் போடலாம். 45 நிமிடப் பீரியடில் உட்காரவைக்க, விதி சொல்ல, எடுத்துவைக்க 10 நிமிடம் போனால் மிச்சம் 35. ஒரு முறைக்கு 20 விநாடி என்றால் மொத்தம் 105 முறை. 40 பேரும் ஒரே பலகையில் ஆடினால் ஆளுக்கு இரண்டோ மூன்றோதான். ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுவாகப் பிரித்தால் ஆளுக்கு 21.

மூன்றாவது, தப்பு செய்தால் அந்த இடத்திலேயே தெரிகிறதா? நான்காவது, செலவு. அச்சுக்கூலி மட்டும் செலவாகாது. எண்ணி அடுக்கும் நேரம், அடுத்த வருஷம் வரை வைக்க இடம், தொலைந்ததை மறுபடி செய்வது எல்லாம் அதில் சேரும். ஐந்தாவதை யாரும் எழுதிவைப்பதில்லை: எந்தப் பிள்ளையாவது தலைகுனிந்து உட்காருமா?

| ஆட்டம் | ஜெயிக்க வைப்பது | ஆளுக்கு வாய்ப்பு | முதல் செலவு (உத்தேசம்) | பிறகு வரும் செலவு |
|---|---|---|---|---|
| தரைப் பரமபதம் | பகடை | 2–3 | ரூ. 800–1,200 | சுருட்டி வைக்க இடம், எழுத்துப்பிழை |
| சீட்டு | யோசித்து எடுக்கும் முடிவு | 20க்கு மேல் | ரூ. 200–400 | வெட்டும் நேரம், தொலையும் சீட்டு |
| ஓட்ட ஆட்டம் | கையும் காலும் செய்யும் செயல் | 3 சுற்று | ஏறக்குறைய இல்லை | வெயில், சிராய்ப்பு, மைதானம் |
| வினாடி வினா | நினைவு | 1 அல்லது 10 | ரூ. 0–100 | கேள்வி தயாரிக்கும் நேரம் |
| கைப்பேசி, கணினி | ஆட்டத்தைப் பொறுத்தது | கருவியைப் பொறுத்தது | கருவி இருந்தால் 0 | விளம்பரம், தரவு, மின்சாரம் |

விலை ஊருக்கு ஊர் மாறும். விகிதம் அதிகம் மாறாது.

தரைப் பரமபதம்

கண்ணுக்கு நிறைவாக இருக்கும், படம் எடுக்க நன்றாக இருக்கும், விதி சொல்லவே வேண்டாம். எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த ஆட்டம். அதனால்தான் எல்லாரும் முதலில் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பரமபதம் தொடக்கத்திலிருந்தே பாடம் சொல்லும் பலகைதான். நல்ல குணத்துக்கு ஏணி, கெட்ட குணத்துக்குப் பாம்பு, உச்சியில் வைகுண்டம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடுவதும் அதனால்தான். அங்கே தாயம் உருட்டி விழுவதில் பொருள் இருக்கிறது. வினைப்பயன் நம் கையில் இல்லை என்ற பேச்சுக்கு அது ஒத்துவரும். டெங்குவுக்கு ஒத்துவராது. "தண்ணீர்த் தொட்டியை மூடவில்லை, 31லிருந்து 8க்கு இறங்கு" என்று எழுதினால், மூடாமல் விட்டது அந்தப் பிள்ளை அல்ல, பகடை. நோய் தலையெழுத்து என்ற எண்ணத்தைத்தான் இது கூட்டும். கட்டத்தில் எழுதியதை யாரும் படிப்பதும் இல்லை. பாம்பு எங்கே கொண்டுவிடுகிறது என்று பார்த்துக்கொண்டு குதிக்கிறார்கள்.

அளவிலும் ஒரு சிக்கல். பிள்ளைகளே காயாக நிற்க வேண்டுமென்றால் ஒரு கட்டம் ஒன்றரை அடியாவது வேண்டும். ஒரு அடிக் கட்டத்தில் இரண்டு பேர் வந்து நின்றால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார். 100 கட்டம் ஒன்றரை அடியில் என்றால் 15க்கு 15 அடி, பெஞ்சு போட்ட வகுப்பறைக்குள் விரிக்க முடியாது. அதோடு நூறு கட்டத்தைக் கடக்க ஒருவருக்கு 30, 40 உருட்டல் ஆகும். மணி அடிக்கும்போது பெரும்பாலானோர் தொடக்கக் கட்டங்களில்தான் நிற்பார்கள்.

இதையே செய்தாக வேண்டும் என்றால் மூன்று திருத்தம் போதும். பலகையை 6க்கு 6, அதாவது 36 கட்டமாக்குங்கள். ஒன்பது அடிச் சதுரம், 81 சதுர அடி. சதுர அடிக்கு 10–15 ரூபாய் என்றால் மேலே சொன்ன தொகை. இரண்டாவது, எட்டுப் பேர் கொண்ட ஐந்து அணி, அணிக்கு ஒரு காய். மூன்றாவதுதான் ஆட்டத்தையே மாற்றுவது: தொடங்கும் முன் ஒவ்வோர் அணியும் ஆறு காப்புச் சீட்டிலிருந்து மூன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். சோப்பு, தொட்டி மூடி, செருப்பு, கொதிக்கவைத்த தண்ணீர், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுதல், தடுப்பூசி. பாம்பின் வாயில் விழுந்தால் பொருத்தமான சீட்டைக் காட்டி, ஏன் பொருந்தும் என்று ஒரு வரி சொன்னால் இறங்க வேண்டாம். சீட்டு எடுக்கும் அந்த ஐந்து நிமிடச் சண்டையில்தான் பாடமே நடக்கிறது.

பாம்புக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். "காலை உணவு சாப்பிடவில்லை", "திறந்தவெளியில் மலம் கழித்தாய்" என்ற கட்டங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. வீட்டில் அடுப்பெரியாததற்கும் கழிப்பறை இல்லாததற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எல்லார் முன்னாலும் பாம்பு விழுங்குகிறது. பிள்ளை தன் கையால் மாற்றக்கூடிய செயலை மட்டும் பாம்பாக்குங்கள்.

ஃப்ளெக்ஸ் வழுக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லுங்கள், நான்கு மூலையிலும் செங்கல் வையுங்கள். ஒருமுறைதான் நடத்தப்போகிறீர்கள் என்றால் அச்சே வேண்டாம். சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து வராந்தாவில் வரைந்தால் காய்ந்த பிறகு பளிச்சென்று நிற்கும்.

எப்போது இதுவே சரி? ஆண்டுவிழா, பெற்றோர் கூட்டம், ஊர்த் திருவிழாவில் சுகாதாரத் துறை அரங்கு என்று ஆட்களை நிற்கவைக்க வேண்டிய இடங்களில். வகுப்பறைக்கு இரண்டாம்பட்சம்தான்.

சீட்டு விளையாட்டு

பார்க்க எளிமையானது, வேலை அதிகம் செய்வது. ஒரு தலைப்பு, 24 சீட்டு, ஐந்து பேர். எட்டுக் குழுவுக்கு எட்டுக் கட்டு, மொத்தம் 192 சீட்டு. ஏ4 தாளில் ஒன்பது சீட்டு வைத்தால் கட்டுக்கு மூன்று தாள், ஆக 24 தாள் அச்சு. லேமினேஷன்தான் விலையை ஏற்றும். அதற்குப் பதில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி வெட்டினால் வருஷக்கணக்கில் உழைக்கும். வெட்டி ஒட்ட இரண்டு பேருக்கு ஒரு மாலை ஆகும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

டெங்குவுக்கு இப்படி: ஒவ்வொரு சீட்டிலும் ஓர் இடம். திறந்த டிரம், கொட்டாங்குச்சி, பழைய டயர், ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலுள்ள தட்டு, பூச்சாடி, பறவைக்கு வைத்த தண்ணீர், மூடிய சின்டெக்ஸ், மீன் விட்ட கிணறு, ஓடும் வாய்க்கால், சாக்கடை. வரிசையாக ஒருவர் சீட்டை எடுத்து "வளரும்", "வளராது" என்று வைத்துக் காரணம் சொல்ல வேண்டும். மற்ற நால்வரும் மறுக்கலாம். மறுப்பு சரியென்றால் புள்ளி மறுத்தவருக்கு.

இந்தக் கட்டிலேயே விலைமதிப்புள்ள சீட்டு சாக்கடைதான். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அதை "வளரும்" பக்கம் வைப்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தது வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீர். சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் க்யூலெக்ஸ் என்ற வேறு வகைக் கொசு. "எங்கள் தெருவில் சாக்கடை இல்லை, டெங்கு வராது" என்ற நினைப்பு அந்த ஒரு சீட்டில் உடையும். எல்லாருக்கும் விடை தெரிந்த சீட்டுகளால் பயனில்லை. ஆப்பிள் நல்லது, பீட்சா கெட்டது என்று பிரிக்கும் உணவுச் சீட்டுகளும் அந்த ரகம். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரும்புச்சத்தை எடுத்துக்கொண்டால், முருங்கைக்கீரை, மாத்திரை, எலுமிச்சை, கொய்யா, டீ என்று வைத்து, எது எதற்குத் துணை, எது எதற்குத் தடை என்று ஜோடி சேர்க்கச் சொல்லலாம். வாராவாரம் பள்ளியில் தரும் நீல இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது, கொய்யாவோ எலுமிச்சையோ உதவும் என்பது ஜோடி சேர்க்கும்போது மனதில் நிற்கும்.

இனி தவறு நடக்கும் இடங்கள். விடையைச் சீட்டின் பின்பக்கம் அச்சடித்தால் புரட்டிப் பார்த்துவிடுவார்கள். விடைத்தாளைத் தனியாக, நடுவராக இருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள், சுற்றுக்குச் சுற்று நடுவர் மாறட்டும். மெல்லிய தாள் என்றால் மறுபக்க மை தெரியும், அதையே அடையாளம் வைத்து ஆடுவார்கள். கட்டுகள் கலந்துவிட்டால் பிரிக்க அரை மணி நேரம் போகும். ஒவ்வொரு கட்டுக்கும் பின்னால் ஒரு நிறப் புள்ளி, திரும்ப வாங்கும்போது குழுவே 24 எண்ணித் தர வேண்டும், ரப்பர் பேண்ட், ஜிப் பை. வாசிக்கத் தடுமாறும் பிள்ளை ஒவ்வொரு குழுவிலும் இருக்கும். படமும் இருந்தால் அதுவும் ஆட்டத்தில் சேரும்.

வகுப்பறைக்கு ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் இதுதான்.

ஓட்ட ஆட்டங்கள்

கொசு விரட்டும், மற்றவர்கள் ஓடுவார்கள், தொட்டால் காய்ச்சல். எல்லாருக்கும் முதலில் தோன்றும் ஆட்டம் இது. இதில் ஜெயிப்பது வேகமாக ஓடுபவர். கொசுவிடமிருந்து ஓடித் தப்பலாம் என்பது பாடமா? தவிர, பிள்ளைகளுக்குக் கொசுவாக இருக்கத்தான் ஆசை.

இதையே கொஞ்சம் திருப்பிப் போடலாம். மைதானத்தில் 30 கொட்டாங்குச்சி, பாதி நிமிர்ந்து, பாதி கவிழ்ந்து. 20 பேர் ஆட்டத்தில், 20 பேர் எண்ணிக்கை பார்ப்பவர்கள். நான்கு பேர் கொசு, பதினாறு பேர் வீட்டுக்காரர். கொசு நிமிர்த்தும், வீட்டுக்காரர் கவிழ்ப்பார். 30 விநாடிக்கு ஒரு விசில். அது ஒரு வாரம். விசில் ஊதும்போது நிமிர்ந்திருக்கும் ஒவ்வொரு ஐந்து கொட்டாங்குச்சிக்கும் ஒரு வீட்டுக்காரர் கொசுவாகிவிட வேண்டும். ஐந்துக்குக் குறைவாக நிமிர்ந்திருந்தால் ஒரு கொசு வீட்டுக்காரராகத் திரும்பும். நான்கு நிமிடத்தில் எட்டு வாரம் முடிந்துவிடும்.

முதல் சுற்றில் வீட்டுக்காரர்கள் ஐந்தாம் விசில் வரை எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கட்டும். காய்ச்சல் வந்த பிறகு துப்புரவு செய்வதைப் போல. அவர்கள் உள்ளே வரும்போது ஆள் மிஞ்சியிருக்காது. இரண்டாம் சுற்றில் முதல் வாரத்திலிருந்தே ஆடலாம். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழெட்டு நாள் முதல் பத்து நாள் ஆகும், அதனால்தான் வாரத்துக்கு ஒருநாள் என்கிறார்கள் என்பதை இதற்குப் பிறகு ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். கூடவே இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில், தண்ணீர் விளிம்பையொட்டி ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வீட்டுத் தொட்டியைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும். கவிழ்ப்பதோடு நின்றுவிடுவது இந்த ஆட்டத்தின் குறை.

ஒரு கொசு ஒரே கொட்டாங்குச்சிக்குக் காவல் நிற்கும். ஒரே இடத்தை அடுத்தடுத்து இரண்டுமுறை தொடக்கூடாது என்று விதி வையுங்கள். குனிந்தபடி ஓடி மண்டையில் மண்டை மோதும். ஓடக்கூடாது, வேகநடை மட்டும். கொட்டாங்குச்சி விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். காகிதக் கப் வைத்தால் காற்றே கவிழ்த்துவிடும். மூச்சிரைப்பு உள்ளவர், சோகையால் களைத்த பிள்ளை, அன்று ஓட விரும்பாத பெண்பிள்ளை என எவரிடமும் காரணம் கேட்காமல் விசில், எண்ணிக்கை வேலைகளைத் தாருங்கள். முதல் பீரியடிலோ நான்கு மணிக்கு மேலோ வையுங்கள். மதிய வெயிலில் வேண்டாம்.

கைகழுவுவதற்கும் உடம்பால் செய்யும் ஆட்டமே சிறந்தது. தேங்காயெண்ணெய் ஒரு தேக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி என்ற விகிதத்தில் குழைத்து, ஆறு பேரின் இரு கையிலும் தேயுங்கள். இருவர் வெறும் தண்ணீரில் 20 விநாடி, இருவர் சோப்புடன் 5 விநாடி, இருவர் சோப்புடன் 20 விநாடி. மற்றவர்கள் பரிசோதகர்கள்: நக இடுக்கு, கட்டைவிரல், விரலிடுக்கு, புறங்கை, மிச்சமிருந்தால் இடத்துக்கு ஒரு புள்ளி. குறைந்த புள்ளி ஜெயிக்கும். எண்ணெய் இருப்பதால் வெறும் தண்ணீர் தோற்றுவிடும். இங்கே ஒரு வேடிக்கை நடக்கும்: சோப்பு பட்டதும் மஞ்சள் சிவக்கும். "ரத்தம்" என்று யாராவது அலறுவதற்கு முன்பே, சோப்பிலுள்ள காரம் (அல்கலி) பட்டால் மஞ்சள் நிறம் மாறும் என்று சொல்லிவிடுங்கள். வெள்ளைச் சட்டை அன்று வேண்டாம். கறை போகாது, மறுநாள் வீட்டிலிருந்து கேள்வி வரும். 40 பேருக்கும் குழாயடியில் செய்ய நினைக்காதீர்கள். தண்ணீரும் போதாது, நேரமும் போதாது.

வினாடி வினா

மேடையில் ஐந்து பேர், கீழே 35 பேர் வேடிக்கை. வழக்கமான வினாடி வினா இதுதான். ஏற்கெனவே தெரிந்தவருக்குப் பரிசு கொடுக்கும் முறை என்பதால், கற்பிக்க இது உதவாது.

அளக்க உதவும். ஆட்டத்துக்கு முன் பத்து கேள்வி, மூன்று வாரம் கழித்து அதே பத்து. பிளிக்கர்ஸ் போன்ற செயலியில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஓர் அச்சுத்தாள், ஆசிரியரிடம் மட்டும் ஒரு கைப்பேசி. தாளைத் திருப்பிப் பிடிக்கும் விதத்தில் அ, ஆ, இ, ஈ விடை. கேமராவால் வகுப்பை ஒருமுறை வருடினால் 40 பேரின் விடையும் ஏறிவிடும். ஒவ்வொரு தாளின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்புவதும் கடினம். பளபளப்பு லேமினேஷன் போட்டால் வெளிச்சம் பட்டுக் கேமரா திணறும். விரல் படத்தின் மேல் படக்கூடாது. செயலி வேண்டாமென்றால் கண்ணை மூடி, நெஞ்சோடு ஒட்டி ஒன்று முதல் நான்கு விரல் காட்டச் சொல்லி எண்ணுங்கள், அதுவே போதும்.

கைப்பேசி, கணினி ஆட்டங்கள்

பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூன்று நான்கு பேர் என்றால், ஒருவர் ஆட மற்றவர் பார்ப்பதுதான் நடக்கும். நல்ல தமிழில், நம் ஊர்ச் சாப்பாட்டோடு உள்ள ஆட்டம் அரிது. இலவச ஆட்டத்தின் நடுவே குளிர்பான விளம்பரம் வந்தால் அன்றைய சர்க்கரைப் பாடம் என்னவாகும்? பிள்ளையின் பெயர், வயது கேட்கும் செயலி என்றால் 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒரு தொற்று ஊரில் எப்படிப் பரவுகிறது என்று எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு இது பொருந்தும். மற்ற இடங்களில் சீட்டுக்குக் கொடுக்கும் காசுக்கு ஈடாகாது.

விளையாட்டே வேண்டாத இடங்கள்

குடற்புழு நீக்க நாளில் (தேசிய அளவில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10) ஆட்டம் வைக்காதீர்கள். 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரையை மென்று விழுங்க வைப்பதுதான் அன்றைய வேலை. பிள்ளைகளின் பயத்துக்குப் பதில் சொல்ல நேரம் வேண்டும். மாதவிடாய்க்குப் பெயர் எழுதாத கேள்விப் பெட்டி போதும். உடல் எடையை வைத்து எந்தப் போட்டியும் கூடாது, பேன் தொல்லையை வைத்தும் கூடாது.

ஆட்டத்தால் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதற்கு இரண்டு ஆய்வுகள் உதவும். இத்தாலியில் கலேடோ என்ற உணவுப் பலகை ஆட்டத்தைப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் சோதித்து 2006இல் வெளியிட்டார்கள். உணவறிவு கூடியது, காய்கறி உண்பதும் கூடியது; உடல் எடைக் குறியீட்டில் வித்தியாசம் தெரியவில்லை. சீனாவின் ஹூனானில் 12 நிமிடக் கார்ட்டூன் படத்தோடு வகுப்புக் கலந்துரையாடல், ஓவிய, கட்டுரைப் போட்டி எல்லாம் சேர்த்து நடத்தியதில் புதிய குடற்புழுத் தொற்று பாதியானது. அது வெளியானது 2013இல். அங்கே விளையாட்டே இல்லை. படம் பார்த்தபின் பிள்ளைகளைப் பேசவும் வரையவும் எழுதவும் வைத்தார்கள்.

1,500 ரூபாயை எப்படிச் செலவழிப்பது

டெங்கு, இரும்புச்சத்து என இரண்டு தலைப்பில் எட்டெட்டுக் கட்டுச் சீட்டு: சுமார் 700. மஞ்சள், எண்ணெய், சோப்பு: 150. கொட்டாங்குச்சி பிள்ளைகளின் வீட்டிலிருந்து வரும். உப்புத்தாள், விசில்: 100. முன்பின் கேள்வித்தாள் நகல்: 100. மிச்சத்தை அடுத்த வருஷம் தொலைந்த சீட்டுகளை மறுபடி அடிக்க எடுத்துவையுங்கள்.

வகுப்பு முடியும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் ஏழு கட்டம் போட்ட ஒரு துண்டுத்தாள் போகட்டும். வீட்டில் தண்ணீர் தேங்கும் மூன்று இடத்தின் பெயரைப் பிள்ளையே எழுதி, தேய்த்துக் கழுவிய நாளில் ஒரு டிக். மறுவாரம் எத்தனை தாள் திரும்பி வந்தது என்று எண்ணுங்கள். அடுத்த முறை எந்த ஆட்டம் என்பதை அந்த எண்ணை வைத்தே முடிவு செய்யலாம்.